படம் முடியும்போது வீடு யார் கையில்?

அம்பேத்கர் படத்தைக் கூடத்தில் மாட்டி வைத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்குப் பேய்ப்படம் பார்க்கிறாயே என்று தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பேய் இல்லை என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஆனால் பேய்க்கதை இருக்கிறது. யார் செத்தால் பேயாக வருவார், யார் செத்தால் குலசாமியாக வருவார், யார் செத்தால் சந்தன மாலையோடு கூடத்துச் சுவரில் போட்டோவாகத் தொங்குவார் என்று இந்த நாட்டில் யாரோ முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவினையைத் தெரிந்துகொள்ளப் பேய்ப்படத்தை விட வசதியான இடம் இல்லை.

எங்கள் பக்கத்தில் முந்திரித் தோப்புகள் அதிகம். சின்ன வயதில் கேட்ட பேய்க்கதைகளில் பாதி அந்தத் தோப்புக்குள்தான் நடக்கும். தோப்பில் தூக்கில் தொங்கியவன் ஒரு பெண்ணைப் பிடித்துக்கொள்வான். உடுக்கை அடிக்கிறவர் வருவார். வேப்பிலையால் அடித்து முதலில் பேரைக் கேட்பார். அடுத்த கேள்வி, "எந்த ஊரு? எந்தத் தெரு?" செத்து ஆவியாகிக் காற்றில் அலைகிறவனிடமும் தெருவைக் கேட்பார்கள். தெருவைக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நான் கேட்ட கதைகளில் பேய் சொல்லும் பதில் பெரும்பாலும் நம் தெருவாகத்தான் இருந்தது. தோப்பில் அவன் தானாகத் தொங்கினானா, தொங்கவிடப்பட்டானா என்று யாரும் கேட்டதாகக் கதை இல்லை.

கடந்த இரண்டு மூன்று மாதங்களில் பத்துப் பன்னிரண்டு படம் பார்த்துவிட்டேன். சில புதியவை, சில திரும்பப் பார்த்தவை. எந்தப் படம் பயமுறுத்தியது, எது கொட்டாவி விட வைத்தது என்பதைச் சொல்கிறேன். மார்க் போடுவதற்கு ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன்: படம் முடியும்போது வீடு யார் கையில் இருக்கிறது?

இந்தக் கேள்வி எனக்கு நெய்வேலியில் இருந்ததால் வந்தது. நம் ஊர்ப் பேய்ப்படத்துக்கு முதலில் தேவை ஒரு பழைய பங்களா. ஜமீன் அரண்மனை, தாத்தா காலத்து மாளிகை, பூட்டிய அறை. நெய்வேலி நகரியத்தில் அப்படி ஒன்றுகூடக் கிடையாது. இங்கே எல்லாமே குவார்ட்டர்ஸ். வட்டம், தெரு, கதவு எண், ஒரே மாதிரி ஜன்னல், ஒரே மாதிரி வேலி. ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சந்திரமுகியே ஆனாலும் நூறு வருஷம் ஒரே அறையில் காத்திருக்க அலாட்மென்ட் கிடைக்காது. பரம்பரை வீடு இல்லாததால் பரம்பரைப் பேயும் இல்லை.

ஆனால் நகரியத்தைத் தாண்டிப் போனால் சுரங்கம். 1956இல் என்.எல்.சி. தொடங்கியதிலிருந்து இன்று வரை எத்தனையோ ஊர்கள் அந்தப் பள்ளத்துக்குள் போயிருக்கின்றன. ஊர் என்றால் வீடு மட்டும் இல்லை. குளம், கோயில், சேரி, சேரிக்கென்று தனியாக ஒதுக்கிய சுடுகாடு, எல்லாமும்தான். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வரப்போகும் நெல் வயலுக்குள் பொக்லைன் இறங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இரண்டு மாதம் பொறுத்திருக்க முடியாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது. பட்டா வைத்திருந்தவனுக்கு இழப்பீடு எவ்வளவு என்று பேச்சு நடக்கும். பட்டாவே இல்லாமல் அதே வயலில் நாற்று நட்டவளுக்கு என்ன என்று கேட்டால் பேச்சு அடங்கிவிடும். வீடு யாருடையது, நிலம் யாருடையது, அங்கே முன்பு இருந்தவர்கள் எங்கே? பேய்ப்படத்தின் அடிப்படைக் கேள்வியும் அதுதான். அதனால்தான் இங்கே உட்கார்ந்து பார்க்கும்போது எனக்குத் திரையில் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் நம் ஊர்ச் சரக்கு.

'சந்திரமுகி'யை (2005) எத்தனையாவது தடவையோ பார்த்தேன். பயம் இல்லை, ஜோதிகாவின் கண்ணும் வடிவேலுவின் நடுக்கமும் இன்னும் பழசாகவில்லை. ஆனால் கதையைப் பாருங்கள். ஒரு ராஜா வேறு நாட்டு நடனக்காரியைத் தூக்கி வந்து அடைத்து வைக்கிறான், அவள் காதலனைக் கொல்கிறான், அவளை எரிக்கிறான். படத்தில் யார் மீது பரிகாரம் நடக்கிறது? எரிக்கப்பட்டவள் மீது. ராஜா ஓவியமாகச் சுவரில் மிடுக்காக நிற்கிறான். வீடு? வாங்கியவர் கையில் பத்திரமாக இருக்கிறது. ஒரு வேடிக்கையும் உண்டு. மலையாள மூலமான 'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்தில் அந்த நடனக்காரி தமிழச்சி. தமிழுக்கு வந்ததும் தெலுங்கு பேசுகிறாள். கன்னடத்திலும் தெலுங்குதான். இந்திக்குப் போனதும் வங்காளம் பேசுகிறாள். எந்த மொழியில் எடுத்தாலும் பேய் பக்கத்து ஊர்க்காரிதான். சொந்த ஊரில் யாரும் யாரையும் கொன்றதே இல்லை போலிருக்கிறது.

'அரண்மனை 4' (2024) பேயை இன்னும் தூரத்திலிருந்து இறக்குமதி செய்தது. அசாம் நாட்டுப்புறக் கதையில் வரும் 'பாக்'. தண்ணீர்ப் பேய், ஆளின் உருவத்தை எடுத்துக்கொள்ளும். நல்ல கரு. அதை வைத்துக்கொண்டு இரண்டு குத்துப்பாட்டு, யோகி பாபு, கடைசியில் அம்மன் திருவிழா. சுந்தர் சி. படத்தில் பயத்தை எதிர்பார்ப்பது என் தப்பு என்பார்கள். சரி. ஆனால் நான்கு படத்திலும் அந்த அரண்மனையில் வேலை செய்கிறவர்கள் சிரிப்புக்கு மட்டுமே வருகிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? இருட்டில் முதலில் அலறுகிறவன் சமையல்காரன். இருட்டைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது முதலாளிக்குத் தெரியாது. அதை மட்டும் ஒருவரும் படமாக எடுக்க மாட்டார்கள்.

'டிமான்ட்டி காலனி' முதல் பாகம் (2015) இன்றைக்கும் நிற்கிறது. காசில்லாத நான்கு பையன்கள், ஒரே அறை, கதவு திறக்கவில்லை. அவ்வளவுதான் கதை. வெளியே போக வழியில்லாத சின்ன அறையின் புழுக்கம் அந்தப் படத்தில் இருக்கிறது. அதை நம்மில் பலர் பேய் இல்லாமலே அனுபவித்திருக்கிறோம். இரண்டாம் பாகம் (2024) பெரிய செலவில் பெரிய விளக்கம். விளக்கம் கூடினால் பயம் குறையும்.

மிஷ்கினின் 'பிசாசு' (2014) அழகான படம், ஆனால் எனக்கு அதன் மேல் ஒரு கோபம் உண்டு. தன்னை வண்டியில் இடித்துக் கொன்றவனையே அந்தப் பெண் காதலித்துக் காப்பாற்றுகிறாள். மன்னிக்கிற பேய். செத்தவர்கள் நம்மை மன்னித்துவிட்டார்கள் என்று நம்புவது உயிரோடு இருப்பவர்களுக்கு வசதியான ஏற்பாடு. யார் கொன்றார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மன்னிப்பைப் பற்றி நாம் பேச முடியும்.

லாரன்ஸின் 'காஞ்சனா'வை (2011) நம் தோழர்கள் கேவலமாகப் பேசுவார்கள். இரைச்சல், அடிதடி, ஒரே கத்தல், எல்லாம் உண்மை. இருந்தாலும் என் கேள்விக்கு அது கொடுக்கிற பதில் நேர்மையானது. ஒரு திருநங்கை, தான் வளர்த்த பெண் டாக்டரானதும் ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்கி வைக்கிறாள். எம்.எல்.ஏ. அதைப் பிடுங்குகிறான். அவளையும் அவளுக்கு அடைக்கலம் கொடுத்த பாயையும் கொன்று அதே நிலத்தில் புதைக்கிறான். பையன்கள் கிரிக்கெட் ஆட ஸ்டம்ப் நடும்போது கதை மேலே வருகிறது. கடைசியில் அந்த நிலத்தில் ஆஸ்பத்திரி எழும்புகிறது, பேயும் போகவில்லை, கூடவே இருக்கிறது. பொறம்போக்கும் பட்டாவும் ரியல் எஸ்டேட்டும் தெரிந்த ஒருவர் எழுதிய கதை அது. அரண்மனைக்காரர்களின் படம் இல்லை. தியேட்டரில் பின்பெஞ்சு எதற்குக் கைதட்டியது என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். இந்தியில் 'லக்ஷ்மி' (2020) என்று எடுத்தபோது இந்தப் புழுதியெல்லாம் கழுவிவிடப்பட்டிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தமிழ்ப் பேய் செய்கிற வேலை என்ன? எஃப்.ஐ.ஆர். போடுகிறது. புதைத்த இடத்தைக் காட்டுகிறது. சாட்சி சொல்கிறது. தண்டனையையும் நிறைவேற்றிவிடுகிறது. எல்லாம் இரண்டேகால் மணி நேரத்துக்குள். நெய்வேலியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் விருத்தாசலம். அதன் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலையில் சாதி கடந்து கல்யாணம் செய்துகொண்ட ஒரு தலித் பட்டதாரியையும் அவர் மனைவியையும் ஊர் பார்க்க விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். 13 பேருக்குத் தண்டனை, அதில் காவல்துறையைச் சேர்ந்தவர்களும் உண்டு. மேல்முறையீடுகள் முடிந்து உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 22 ஆண்டுகள். அந்தக் குடும்பம் நீதிமன்றப் படி ஏறி ஏறி இறங்கிய நேரத்தில் 'முனி'யில் தொடங்கி காஞ்சனா மூன்று பாகமும் அரண்மனை நான்கு பாகமும் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் கொலைகாரனுக்குக் கடைசி ரீலில் தண்டனை கிடைத்துவிட்டது. இருட்டில் உட்கார்ந்து கைதட்டுகிற மக்களைப் பார்த்து மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மலையாளத்துக்கு வருவோம். ராகுல் சதாசிவனின் 'பிரம்மயுகம்' (2024) இந்த வரிசையில் என்னை நிஜமாகவே தூங்கவிடாத படம். கறுப்பு வெள்ளை. அடிமை வியாபாரிகளிடமிருந்து தப்பி ஓடி வரும் தேவன் என்ற பாணன், காட்டுக்குள் ஒரு பாழடைந்த மனையைப் பார்க்கிறான். உள்ளே கொடுமன் போற்றியாக மம்மூட்டி. பாணனை வாசலில் நிறுத்தவில்லை, உள்ளே கூப்பிடுகிறார். பாடச் சொல்கிறார், சோறு போடுகிறார், தங்கச் சொல்கிறார். தீட்டுப் பார்க்க வேண்டியவர் தீட்டுப் பார்க்கவில்லை. எனக்கு முதுகு சில்லிட்டது அங்கேதான், வேறு எந்த ஓசையும் தேவைப்படவில்லை. சங்க காலத்தில் பாணன் வந்தால் பரிசில் என்று பள்ளியில் படித்தோம். இங்கே பாணனின் பாட்டைக் கேட்டுவிட்டு ஆளையே வைத்துக்கொள்கிறார்கள்.

பிறகு பகடை ஆட்டம். பணயமாக வைக்க தேவனிடம் எதுவும் இல்லை. உன் நேரத்தை வை என்கிறார் போற்றி. தோற்கிறான். அதன் பிறகு மனையை விட்டு வெளியே போக முடியாது. நாள் தெரியவில்லை, மழை நிற்கவில்லை, சொந்த விஷயங்களே மறந்துபோகின்றன. செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் முன்பணம் வாங்கிவிட்டு வருஷக்கணக்கில் வெளியே வர முடியாமல் கிடந்த குடும்பங்களோடு பேசியிருக்கிறவர்களுக்கு அந்தப் பகடை என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. முன்பணம் என்ற பகடை இன்னும் உருள்கிறது. பேயின் பெயர் சாத்தான் என்று படம் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். போற்றி போற்றியாகவே இருந்திருந்தால் இன்னும் பயந்திருப்பேன்.

படத்தின் முடிவில் அதிகாரத்தின் மோதிரம் பாணனின் விரலுக்கு வருகிறது. அவனும் போற்றி சிரித்தது போலவே சிரிக்கிறான். அதிகாரம் யார் கைக்குப் போனாலும் இப்படித்தான் என்று சொல்கிறார்கள். இந்த இடத்தில் எனக்கும் இயக்குநருக்கும் வழக்கு உண்டு. தலைமுறை தலைமுறையாக மோதிரம் ஒரே விரலில்தான் இருந்தது. அது கைமாறிய முதல் நிமிஷத்திலேயே எல்லோரும் ஒன்றுதான் என்று முடிவு கட்டுவதற்கு என்ன அவசரம்? இடஒதுக்கீடு பற்றிய டீக்கடை வாதம் போல ஒலித்தது. ஆனாலும் பாருங்கள்.

இன்னொரு தகவல். போற்றியின் பெயர் முதலில் குஞ்சமன் போற்றி. எங்கள் குடும்பத்தின் பெயர் கெடுகிறது என்று ஓர் இல்லத்தார் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெயர் கொடுமன் என்று மாறியது. படம் வருவதற்கு முன்பே. நம் சினிமாவில் ஐம்பது அறுபது வருஷமாக வெட்டியானைச் சிவந்த கண்ணும் சுருட்டும் பைத்தியச் சிரிப்புமாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிணம் எரிக்கும் வேலையைச் சாதி பார்த்து யார் தலையில் கட்டினார்கள் என்று ஒரு பேய்ப்படமும் கேட்டதில்லை. அதற்கு எந்த நீதிமன்றத்துக்குப் போவது? சுடுகாட்டில் வாழ்கிறவனை மனுஷனாகப் பார்த்த 'பிதாமகன்' (2003) பேய்ப்படம் இல்லை.

சுடுகாடு என்றாலே படத்தில் பயம். நமக்கும் சுடுகாட்டில் பயம் உண்டு, அது போய்ச் சேருகிற வழியில். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கத்தில் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே ஆற்றுக்கு இறக்கினார்கள். ஆதிக்க சாதியார் நிலத்தின் வழியாகப் பிணம் போகக் கூடாது. கயிற்றில் மெல்ல மெல்ல இறங்கும் அந்தப் பாடையின் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இசை இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை. எந்த இயக்குநரும் அப்படி ஒரு காட்சியை யோசித்ததில்லை. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

'லோகா' (2025) பேய்ப்படம் என்று சொல்ல முடியாது, சூப்பர் ஹீரோ படம். ஆனால் கதாநாயகி யட்சி. கள்ளியங்காட்டு நீலி. பழைய கதையில் அவள் ரத்தம் குடிப்பவள், கத்தனார் வந்து அடக்குவார். இந்தப் படத்தில் அவள் பழங்குடிச் சிறுமி. கோயிலுக்குள் போனதற்காக அவள் கூட்டத்தின் மீதே அரசனின் ஆட்கள் பாய்கிறார்கள். ஒரு கதையின் கழுத்தைப் பிடித்து இப்படித் திருப்ப முடியும் என்று தெரிந்ததில் எனக்கு மகிழ்ச்சி. கல்யாணி நன்றாகச் செய்திருக்கிறார். வில்லன் போலீஸ்காரன் மட்டும் தமிழன், சாண்டி மாஸ்டர். முன்பு சொன்னேனே, பக்கத்து ஊர்க்காரன்தான்.

நமக்கும் ஒரு நீலி இருக்கிறாள். பழையனூர் நீலி. கொன்றவனைத் தேடி வந்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அழுது நியாயம் கேட்டு, பழிதீர்த்தவள். அவளுக்கு வாக்குக் கொடுத்து அது தவறியதால் 70 வேளாளர்கள் தீயில் இறங்கினார்கள் என்று திருவாலங்காட்டுக் கதை. அந்த எழுபது பேரின் வாக்குச் சுத்தம் பெருமையாகப் பேசப்படுகிறது. கொலை செய்யப்பட்டவளின் அழுகை 'நீலிக் கண்ணீர்' என்று பழமொழியாகிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போகும் நம் பெண்களின் கண்ணீருக்கும் அந்தப் பெயர்தான் கிடைக்கிறது. தமிழில் யாராவது இந்த நீலியை எடுங்கள். சாம்பிராணிப் புகை வேண்டாம், பஞ்சாயத்துக் காட்சி ஒன்று போதும்.

கடல் கடந்தால், ரையன் கூக்ளரின் 'சின்னர்ஸ்' (2025). 1932, மிசிசிப்பி, பருத்திக் காடு. இரட்டைச் சகோதரர்கள் சிகாகோவிலிருந்து பணத்தோடு திரும்பி வந்து, ஒரு வெள்ளைக்காரனிடம் பழைய மரம் அறுக்கும் ஆலையை வாங்கி, தங்கள் மக்கள் ஆடிப் பாட ஒரு கொட்டகை திறக்கிறார்கள். ஒரே ஒரு ராத்திரி. வருகிறவர்களில் சிலரிடம் காசு இல்லை, தோட்ட முதலாளி கூலியாகக் கொடுத்த டோக்கன்தான் இருக்கிறது. அதை வாங்குவதா வேண்டாமா என்று ஒரு சின்ன வாக்குவாதம். பேய் வருவதற்கு முன்பே படம் இப்படி நம்மைப் பிடித்துவிடுகிறது.

ரத்தக்காட்டேரிகள் வாசலுக்கு வருகின்றன. வெள்ளைக்காரக் காட்டேரிகள். வீட்டுக்காரர் கூப்பிட்டால்தான் உள்ளே வர முடியும் என்பது அவற்றின் பழைய விதி. படிக்கட்டில் நின்று பாட்டுப் பாடி, பணிவாக, உள்ளே விடுங்கள் என்று கேட்கின்றன. அடுத்தவன் வாசலில் நின்று பேசியே பழகிய கூட்டம் நாம். வாசல் நம்முடையதாக, கேட்கிறவன் அவனாக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் மனம் போய் வந்தது. சாமி என்ற பையனின் பாட்டு வரும் காட்சியில் முன்னோரும் இனி வரப்போகிறவர்களும் அதே கொட்டகையில் ஆடுகிறார்கள். பறை அடிக்கிற நம் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும். இசையைக் கேட்டுத்தான் காட்டேரி வருகிறது என்பதும், அந்த இசையைத்தான் அது சொந்தமாக்கிக்கொள்ளப் பார்க்கிறது என்பதும் கூடவே இருக்கிறது.

அந்தப் படத்தின் நிஜமான பயம் வேறு. ஆலையை விற்றவன் கிளான் தலைவன். விற்றதே விடியற்காலையில் ஆட்களோடு வந்து எல்லோரையும் கொல்லத்தான். அதைக் காட்டேரியே சொல்கிறது. அதாவது பேய் வராமல் இருந்திருந்தாலும் இவர்களுக்கு விடிந்திருக்காது. பேய்ப்படத்தில் விடிந்தால் தப்பித்தோம் என்பது சட்டம். சூரியன் எல்லோருக்கும் அப்படி இல்லை என்பதை 1968இலேயே ஜார்ஜ் ரோமெரோ 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் காட்டிவிட்டார். டுவேன் ஜோன்ஸ் நடித்த கறுப்பின நாயகன் ராத்திரி முழுக்கப் பிணங்களோடு போராடிப் பிழைக்கிறான். காலையில் துப்பாக்கியோடு வரும் உள்ளூர் ஆட்கள் ஜன்னலில் அவன் தலையைப் பார்த்ததும் சுட்டுவிடுகிறார்கள்.

ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' (2017) திரும்பப் பார்த்தேன். கடைசியில் ரத்தத்தில் நிற்கும் கிறிஸ் மீது சுழல் விளக்கின் வெளிச்சம் விழும்போது, போலீஸ் வந்துவிட்டது என்று நாம் நிம்மதி அடைவதில்லை. ஐயோ போலீஸ் என்றுதான் பதறுகிறோம். வந்தது நண்பன். முதலில் எடுத்த முடிவில் வருவது போலீஸ்தான், கிறிஸ் சிறைக்குப் போகிறான். பீலே அதை மாற்றினார். மாற்றியது சரி. ஒரு படத்திலாவது அவன் வீட்டுக்குப் போகட்டும்.

'தும்பாட்' (2018) மறுவெளியீட்டில் புதிய கூட்டத்தைப் பிடித்தது நல்ல விஷயம். கொங்கணப் பார்ப்பனக் குடும்பம், தேவியின் கருவறைக்குள் அடைபட்ட ஹஸ்தர், தலைமுறைக்குத் தலைமுறை கைமாறும் பொற்காசு ரகசியம். பேராசை பெருநஷ்டம் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்குப் பட்டது, பேராசைப்படுவதற்கும் பரம்பரை வேண்டும் என்பது. அந்தக் கிணற்றுக்குள் இறங்கும் வழி அப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிக் கொடுப்பது. கிணறு வெட்டியவனுக்குத் தெரியாது.

தமிழில் என்னை அதிகம் பயமுறுத்திய ஆள் யார் என்று கேட்டால் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தின் அந்தக் கிழவர்தான். கராத்தே வெங்கடேசன் நடித்தது. வேட்டி, நரைத்த தலை, பணிவான நடை. கொலையை விபத்து போலவும் தற்கொலை போலவும் முடித்துவிட்டு, குலசாமிக்குச் செய்கிற காரியம் போல அமைதியாகப் போய்விடுவார். பஸ்ஸில் நம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊர் விசாரிக்கிற பெரியவர் மாதிரியே இருக்கிறார். எந்த ஊர், எந்தத் தெரு?

கடைசியாக ஒரு படம், கடையில் பேய்ப்படம் என்று வைக்காத படம். லீனா மணிமேகலையின் 'மாடத்தி' (2019). புதிரை வண்ணார் குடும்பம். கண்ணில் பட்டாலே தீட்டு என்று விதிக்கப்பட்டவர்கள், ஆள் வரும் சத்தம் கேட்டால் புதரில் ஒளிந்துகொள்ள வேண்டியவர்கள். பேய்தான் மனுஷர் கண்ணில் படாமல் ஒளியும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே உயிரோடு இருக்கும்போதே அந்தப் பெண்ணைப் பேயாக்கி வைத்திருக்கிறார்கள். யோசனா என்ற அந்தப் பெண் காட்டிலும் ஆற்றிலும் தன் இஷ்டத்துக்குத் திரிகிறாள். அவளுக்கு நடக்கும் கொடுமையை நான் சொல்லப் போவதில்லை. செத்த பிறகு சாமியாகிறாள். உயிரோடு ஊருக்குள் கால் வைக்க முடியாதவளுக்குச் செத்த பிறகு ஓர் இடம். என் கேள்விக்கு இந்தப் படம் கொடுக்கும் பதிலை மார்க் போட்டு அளக்க முடியவில்லை.

படம் பிடித்துப்போய் நம் தோழர்கள் சிலர் சாதி இந்துக்களைத் திட்டி எழுதினார்கள். திட்ட வேண்டியதுதான். ஆனால் புதிரை வண்ணார் யார் துணியை வெளுத்தார்கள்? தலித்துகளின் துணியை. நம் தெருவின் தீட்டுத் துணியை. நம் தெருவின் சாவுக்கும் சடங்குக்கும் வந்து நின்றுவிட்டு, நம் வாசலில் சோறு வாங்கிப் போனவர்கள். தெருவைக் கேட்டுப் பேயை விரட்டிய உடுக்கைக்காரரைப் பற்றி மேலே எழுதினேன். அதே கேள்வியை நம் தெருவிலிருந்தும் ஒரு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறோம்.

மாடத்தியைத் தனியாகப் பார்க்க வேண்டாம். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பாருங்கள், சந்திரமுகியை நாற்பது தடவை பார்த்த பெரியவர்கள் உட்பட. குழந்தைகள் தூங்கிய பிறகு.